பதினோரு நிமிடப் பக்கம்

ஓபர்வெல்டா நகராட்சியின் இணையதளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை மதிய இடைவேளை. ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. அதுவும் நகராட்சி ஊழியர்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி ஓட்மார் லிண்ட்னருக்கு ஒரு கடிதம் வந்தது. கல்லறைத் தோட்ட அலுவலகம் அனுப்பியது. அவர் மனைவி ரோஸ்விதா படுத்திருக்கும் இடத்துக்கான இருபது வருட உரிமை நவம்பர் முப்பதோடு முடிகிறது. நீட்டிக்க விரும்பினால் இணையதளம் வழியாக மட்டும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காவிட்டால் கல் அகற்றப்படும். இடம் சமப்படுத்தப்படும். புல் விதைக்கப்படும். கடைசியில் ‘உங்கள் துயரில் பங்குகொள்கிறோம்’ என்று ஒரு வரி. இருபது வருடப் பழைய துயரம் என்பதால் எழுத்து கொஞ்சம் சிறியது.

அந்தக் கல்லில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே ரோஸ்விதா லிண்ட்னர், பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே ஓட்மார் லிண்ட்னர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல். இரண்டையும் சேர்த்துச் செதுக்கினால்தான் எழுத்து ஒரே மாதிரி இருக்கும் என்று கல்தச்சர் அப்போது சொன்னார். ஓட்மாருக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் போய் மனைவியின் பெயரைத் துடைத்தார். கையோடு தன் பெயரையும் துடைத்தார்.

முப்பத்தெட்டு வருடம் ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்தவர். ஓடிக்கொண்டிருக்கும் பொருளை மாற்றும் பழக்கம் அவருக்கு இல்லை. அவருடைய கணினிக்கு வயது பத்தொன்பது. மின்னஞ்சல் காட்டியது, வானிலை சொன்னது, சதுரங்கத்தில் அவரைத் தோற்கடித்தது. அதற்குமேல் அதனிடம் அவர் எதுவும் கேட்டதில்லை.

கடிதம் வந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கல்லறைத் தோட்டப் பக்கத்தைத் திறந்தார். திரை வெள்ளையானது. நாற்பதாவது விநாடியில் ஒரு சாம்பல் நிறப் பட்டை வந்தது. மூன்றாவது நிமிடத்தில் மேயரின் நெற்றி வந்தது. நான்காவது நிமிடத்தில் புருவம். மேயர் நிதானமாக இறங்கி வந்தார். ஏழாவது நிமிடத்தில் புன்னகைத்தார். அவருக்குப் பின்னால் இலையுதிர்கால மரங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏறியது. அதன் சுடர் அசையும்படி செய்திருந்தார்கள். எட்டு விநாடிக்கு ஒருமுறை அசைந்தது.

பதினோரு நிமிடம் இருபது விநாடியில் விண்ணப்பப் படிவம் வந்து நின்றது. ஓட்மார் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார்.

‘பத்து நிமிடமாக நீங்கள் எதுவும் செய்யவில்லை. உங்கள் பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்டீர்கள்’ என்று பதில் வந்தது.

இன்னும் இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறைக்குப் பிறகு, ஒரு நாளைக்கு மூன்று முயற்சிகள்தான் என்றும் நாளை வரும்படியும் இணையதளம் சொன்னது. ஓட்மார் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கோடு போட்டார். தேதி, தொடங்கிய நேரம், நெற்றி வந்த நேரம், புன்னகை, மெழுகுவர்த்தி, படிவம். ஒரு வாரத்தில் ஒரு பக்கம் நிரம்பியது. நெற்றி இருபது விநாடி முன்னே பின்னே வந்தது. படிவம் ஒருநாளும் பத்து நிமிடத்துக்குள் வரவில்லை.

பக்கத்து வீட்டு கெர்லிண்டே அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கணவனை விரட்டிவிட்டுத் தனியாக இருப்பவள். எதற்கும் பொறுமை கிடையாது.

“ஓட்மார், நீ என்ன, மேயர் முகத்துக்கு டைம்டேபிள் போடறியா?”

“எப்ப வருதுன்னு தெரிஞ்சா ஏதாவது பண்ணலாம்னு பார்த்தேன்.”

“என் போன்ல ஒரு நிமிஷ வேலை. நம்பரைச் சொல்லு.”

அவள் போனில் பக்கம் உடனே திறந்தது. மேயர் முழுசாக வந்தார். கெர்லிண்டே எண்ணை அடித்தாள். ‘இந்தக் கணக்கு வேறொரு கருவிக்கு உரியது’ என்று வந்தது.

“என்னது இது?”

“ரெண்டு வருஷம் முன்னாடி இலை போடற தொட்டி வேணும்னு இதுல கணக்கு ஆரம்பிச்சேன். எந்தக் கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சோமோ அதுலதான் திறக்குமாம்.”

“புதுசா ஒண்ணு வாங்கி மாத்திக்கோயேன். கஞ்சன்.”

“மாத்தலாம். பழைய கம்ப்யூட்டர்ல போய் சம்மதம் சொல்லணும்.”

“சொல்லேன்.”

“அந்தப் பக்கம் பன்னிரண்டு நிமிஷம்.”

கெர்லிண்டே போனைப் பைக்குள் போட்டாள். பிறகு ஒரு யோசனை சொன்னாள். படங்கள் வராதபடி பிரவுசரில் அணைத்துவிட வேண்டும். செய்தார்கள். மேயர் வரவில்லை, மரம் வரவில்லை. ஐம்பது விநாடியில் ஒரு வாசகம் மட்டும் வந்தது: ‘இறந்தோருக்கான மரியாதை உங்கள் திரையில் முழுமையாகக் காட்டப்படவில்லை. படங்களை அனுமதித்த பிறகு தொடரவும்.’

“செத்தவங்களுக்கு மரியாதை பண்ண அந்த ஆளு பல்லை எதுக்குக் காட்டணும்?” என்றாள் கெர்லிண்டே.

ஓட்மார் படங்களை மறுபடி அனுமதித்தார்.

மறுநாள் நேரில் போனார். கல்லறைத் தோட்ட அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது தகவல் மேசை இருந்தது. திருமதி சீபோல்ட் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். கல்லறைத் தோட்டப் பக்கம் 0.8 விநாடியில் திறக்கிறது என்று அதில் எழுதி, முத்திரை குத்தியிருந்தது.

ஓட்மார் நோட்டை நீட்டினார். திருமதி சீபோல்ட் அதைக் கையால் தொடவில்லை.

“எங்க பக்கம் மெதுவா இல்ல சார். சான்றிதழைப் பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன். அது இங்க வேகமா இருக்குன்னு சொல்லுது. என் வீட்ல பதினோரு நிமிஷம் ஆகுதும்மா.”

“வீட்ல நடக்கறது எங்க எல்லைக்குள்ள வராது.”

“சரி, உங்க கம்ப்யூட்டர்லயே இப்ப போட்டுக் கொடுத்துடுங்களேன்.”

“இதுலயா?” அவர் தன் கணினியைப் பார்த்தார். கொஞ்சம் கூச்சப்பட்டார். “இதுல அந்தப் பக்கம் திறக்காது சார். எங்க யாருக்குமே திறக்காது. நாங்க யாரும் அதைப் பார்த்ததில்ல. ரொம்ப நல்லா வந்திருக்குன்னு கேள்விப்பட்டோம்.”

“அப்ப எங்க அளந்தாங்க?”

“தலைநகரத்துல. அங்கதான் அளக்கறதுக்குன்னே ஒரு கம்ப்யூட்டர் இருக்கு.”

காகிதத்தில் எழுதித் தரலாமா என்று கேட்டார் ஓட்மார்.

“தாராளமா தாங்க. ஸ்கேன் பண்ணிப் பதிவு செஞ்சு, இணையதளத்துல விண்ணப்பிக்கச் சொல்லி உங்களுக்குப் பதில் கடிதம் போடுவோம்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“கடிதமா? மூணே நாள். அதுல நாங்க ரொம்ப வேகம்.”

அவர் ஓட்மாரின் கல்லறை எண்ணை ஒரு பழைய அட்டையில் தேடிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“ரெண்டு பேரு இருக்கே. ரோஸ்விதா லிண்ட்னர், ஓட்மார் லிண்ட்னர். ஓட்மார் உங்க அப்பாவா?”

“நான்தான்.”

“இங்க ரெண்டு பேர் படுத்திருக்கறதா பதிவாகியிருக்கு சார்.”

“நான் இன்னும் போகல.”

“அப்ப திருத்தணுமே.”

“எங்க?”

“இணையதளத்துல” என்றார் திருமதி சீபோல்ட். அவர் கெட்டவர் இல்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மந்தநிலை முறையீடு, பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று புகார் செய்யும் படிவம். வருடத்துக்கு ஒருவர்கூட அதைக் கேட்பதில்லையாம். நிரப்பினால் வேகத்தை அளக்க அளவைப் பிரிவிலிருந்து வீட்டுக்கே ஆள் வருவார்.

அளவைப் பிரிவிலிருந்து திரு. ட்ரெக்ஸ்லர் வந்தார். அக்டோபர் கடைசி வியாழக்கிழமை, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து தன் சொந்தச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடவே ஒரு மடக்கு நாற்காலி, ஈயமுத்திரை வைத்த ஸ்டாப் வாட்ச், சதுர வடிவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஓட்மாரின் நோட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“அழகா எழுதியிருக்கீங்க சார். நெற்றிக்குத் தனிப் பத்தி! எங்க ஆளுங்களே இப்படி எழுத மாட்டாங்க.”

“அப்ப இதை எடுத்துக்குவீங்களா?”

“முடியாது. உங்க கடிகாரத்துக்கு முத்திரை இல்ல.”

கறுப்புப் பெட்டியைக் கணினியின் கம்பியில் மாட்டினார். ஓட்மார் மவுஸை அழுத்தினார். ட்ரெக்ஸ்லரின் கட்டைவிரல் ஸ்டாப் வாட்சில் இறங்கி உடனே ஏறியது. அவர் எழுதத் தொடங்கினார். திரையில் இன்னும் சாம்பல் பட்டைகூட வரவில்லை.

“முடிஞ்சுதா?” என்றார் ஓட்மார்.

“முடிஞ்சுது. பூஜ்யம் புள்ளி எட்டு.”

“இன்னும் ஒண்ணும் வரலையே.”

“பக்கம் எங்க மெஷினை விட்டுக் கிளம்பிடுச்சு சார். சட்டப்படி அதுதான் திறந்த நேரம்.”

“அதுக்கப்புறம் ஆகற பதினோரு நிமிஷம்?”

“அது உங்க தனிப்பட்ட வாழ்க்கை. நகராட்சி குடிமக்களோட தனிப்பட்ட வாழ்க்கையில தலையிடாது. அது ஒரு கொள்கை.”

மேயரின் நெற்றி வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் ரயில்வேல இருந்தேன்” என்றார் ஓட்மார். “நாங்க கிளம்பின நேரத்தையும் எழுதுவோம். வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதுவோம்.”

“அதனாலதான் சார் ரயில்வேக்கு இவ்வளவு கெட்ட பேரு” என்றார் ட்ரெக்ஸ்லர் அனுதாபத்துடன்.

அவர் உடனே போய்விடவில்லை. மேயர் புன்னகைக்கும் வரை இருந்தார், மெழுகுவர்த்தி வரும் வரை இருந்தார். படிவம் வந்து, ஓட்மார் ஒரு எழுத்தைத் தட்டி, வெளியேற்றப்பட்டதையும் பார்த்தார். “அட” என்றார். அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பு சேர்த்தார். மேம்பாட்டுப் பணிகளுக்குப் பிறகு மறுஅளவை, டிசம்பர் நான்கு.

“அதுக்குள்ள முப்பதாம் தேதி போயிடுமே சார்.”

“மறுஅளவைக்கு நாப்பது நாள் இடைவெளி இருக்கணும் சார். பக்கம் கொஞ்சம் ஆறணும்.”

நவம்பர் ஒன்பதாம் தேதி மேம்பாடுகள் வந்தன. கூடவே கடிதமும் வந்தது. ஓட்மாரின் முறையீட்டை நகராட்சி மிகுந்த அக்கறையோடு பரிசீலித்திருந்தது. முதலாவதாக, பழைய கணினிகளில் இந்தப் பக்கம் மெதுவாகத் திறக்கலாம் என்று வருத்தம் தெரிவிக்கும் ஓர் அறிவிப்பு பக்கத்தின் உச்சியில் சேர்க்கப்பட்டது. வருத்தம் மனதைத் தொட வேண்டும் என்பதற்காக இலைகள் உதிர்வது போல் அதை அமைத்திருந்தார்கள். அடுத்ததாக, மெதுவான கணினிகளுக்கென்று ‘எளிய காட்சி’ என்ற பொத்தான். அது பக்கத்தின் அடியில் இருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் ‘இன்னும் இருக்கிறீர்களா?’ என்று அன்பாக விசாரிக்கும் ஒரு பெட்டியும் உண்டு. ‘ஆம்’ என்றால் இன்னொரு பத்து நிமிடம்.

ஓட்மார் நோட்டில் புதிய கோடுகள் போட்டார். இலைகளுக்கு ஒரு பத்தி. நெற்றி இப்போது ஐந்தாவது நிமிடத்தில்தான் வந்தது. படிவம் பதிமூன்று நிமிடம் நாற்பது விநாடி. ‘இன்னும் இருக்கிறீர்களா?’ என்ற பெட்டி ஒன்பதாவது நிமிடத்தில் புறப்பட்டுப் பதினைந்தாவது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் இல்லை என்று நகராட்சி தீர்மானித்திருந்தது. வெளியேற்றப்பட்ட திரையின் மேல் அது தாமதமாக வந்து, இருக்கிறீர்களா என்று கேட்டபடி நின்றது.

“‘எளிய காட்சி’யை அழுத்திப் பார்த்தியா?” என்றாள் கெர்லிண்டே.

“அது கடைசியா வருது. பதினாலு நிமிஷம்.”

“நீ புகார் கொடுத்திருக்கவே கூடாது. சும்மா இருந்திருந்தா ரெண்டு நிமிஷம் மிச்சம்.”

பத்தொன்பதாம் தேதி நகர்மன்றத்தில் விழா. நாட்டிலேயே மிக வேகமான கல்லறைத் தோட்டப் பக்கம் என்று ஓபர்வெல்டாவுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கிடைத்திருந்தது. ஓட்மாருக்கும் அழைப்பு வந்தது. ‘பழைய கருவியுள்ள குடிமகன்’ என்று எழுதி ஒட்டிய நாற்காலி அவருக்காக முதல் வரிசையில் போட்டிருந்தது. கெர்லிண்டே அவரோடு வந்து, ஒன்றும் எழுதாத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கல்லறைத் தோட்டத் துறைத் தலைவர் டாக்டர் ஹோல்ஸ்ட் பேசினார்.

“மதிப்புக்குரியவர்களே! இறந்தவங்களுக்கு அவசரம் கிடையாது. நமக்கு உண்டு. பத்து வருஷம் முன்னாடி நம்ம கல்லறைத் தோட்ட அலுவலகத்துல நாலு பேர் வேலை பார்த்தாங்க. ஜனங்க வருவாங்க. உட்காருவாங்க. இறந்தவரைப் பத்திப் பேசுவாங்க. சில பேர் அழுவாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. ஒரு ஆளுக்குச் சராசரியா பன்னிரண்டு நிமிஷம்! இன்னிக்கு பூஜ்யம் புள்ளி எட்டு விநாடி. யாரும் வர்றதில்ல. யாரும் அழறதில்ல. நாலு பேரோட அறையில இப்ப கோப்பைகளுக்கான அலமாரி இருக்கு. இன்னொரு நல்ல செய்தி. நீட்டிப்பு கேட்டு வர்ற விண்ணப்பம் மூணு வருஷத்துல எண்பது சதவீதம் குறைஞ்சிருக்கு. நூத்துக்கு எண்பது பேர் எதுவும் கேக்கலன்னா என்ன அர்த்தம்? நூத்துக்கு எண்பது பேருக்கு எந்தக் குறையும் இல்லன்னு அர்த்தம்.”

கைதட்டினார்கள். கெர்லிண்டே தட்டவில்லை. “இந்த ஆளை முதல்ல புதைக்கணும்” என்றாள். முன்வரிசை முழுவதும் கேட்டது.

மேடையில் ஒரு புதிய கணினி இருந்தது. குடிமகன் ஒருவரே வந்து வேகத்தை அனுபவிக்கட்டும் என்று டாக்டர் ஹோல்ஸ்ட் ஓட்மாரை அழைத்தார். ஓட்மார் ஏறினார். பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது. இலைகள் ஒழுங்காக உதிர்ந்தன. சுடர் ஒழுங்காக அசைந்தது. படிவம் அவருக்கு முன்னால் காலியாக இருந்தது. கல்லறை எண்ணை அடித்தார். பெயர், பிறந்த தேதி. உரிமையை நீட்டிக்க என்ற பொத்தானை அழுத்தினார்.

‘நன்றி. உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மேலும் இருபது ஆண்டுகள்.’

அரங்கம் கைதட்டியது. ஓட்மார் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரொம்ப நன்றி ஐயா” என்றார்.

“எதுக்கு?”

“நீட்டிச்சதுக்கு. என் சம்சாரத்தோட இடம்.”

டாக்டர் ஹோல்ஸ்ட் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். “இது விழாவுக்காகச் செஞ்சது சார். என்ன அடிச்சாலும் ஏத்துக்கும். நிஜப் பக்கத்தை மேடையில போட்டா, நடுவுல ஏதாவது ஆயிடுச்சுன்னா? கோப்பை வாங்கற நாள்ல யார் அந்த ஆபத்தை எடுப்பாங்க?”

பிறகு கையை எடுத்துவிட்டு, ஓட்மாரைக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் படத்தைக் கல்லறைத் தோட்டப் பக்கத்தில் மேயருக்குக் கீழே சேர்த்தார்கள். ஓட்மாரின் கணினியில் ஓட்மார் வந்து சேர இரண்டு நிமிடம் பிடித்தது.

நவம்பர் முப்பதாம் தேதி எட்டு மணிக்கு உட்கார்ந்தார். கெர்லிண்டே தன் வேலைக்குப் போகாமல் பின்னால் நின்றாள். முதல் முயற்சியில் பதினைந்தே முக்கால் நிமிடத்தில் படிவம் வந்தது. வெளியேற்றப்பட்டார். இரண்டாவதும் அப்படியே. கடைசியில் வழக்கம்போல அந்தப் பெட்டி வந்து, இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்டது.

ஓட்மார் அதையே பார்த்தார்.

“கெர்லிண்டே, இந்த ‘ஆம்’ எப்பவும் இதே இடத்துலதான் வருது.”

“வந்து?”

“பெட்டி ஒன்பதாவது நிமிஷமே கிளம்பிடுதில்ல. வரைஞ்சு முடிக்கத்தான் நேரம் ஆகுது. வரைஞ்சாலும் வரையாட்டியும் பொத்தான் அங்க இருக்கும்.”

திரையில் அந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டினார். மூன்றாவது முயற்சியைத் தொடங்கினார். இலை உதிர்ந்தது. நெற்றி வந்தது. ஒன்பது நிமிடம் பத்தாவது விநாடியில், மேயரின் கழுத்துக்குப் பக்கத்தில், மரங்கள் இன்னும் முளைக்காத வெறும் வெள்ளையில், ஒட்டுத்தாளுக்கு நேரே அம்பை வைத்து அழுத்தினார்.

பத்தாவது நிமிடம் வந்தது. போனது. யாரும் அவரை வெளியேற்றவில்லை.

“ஓட்மார்!” கெர்லிண்டே அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கிழட்டுச் சிங்கமே!”

“கையை எடு. மவுஸ் ஆடுது.”

படிவம் வந்தது. முதல் எழுத்தைத் தட்டினார். எழுத்து திரைக்கு வர ஐந்து விநாடி எடுத்தது. ஆனால் வந்தது. நிதானமாக ஒவ்வொன்றாக அடித்தார். ரோஸ்விதாவின் பெயரை அடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. கல்லறை எண்ணைக் கெர்லிண்டே உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். பத்தொன்பதாவது நிமிடம் நெருங்குகையில் நீட்டிக்கும் பொத்தானை அழுத்தினார்.

திரை வெள்ளையானது. ‘உறுதிசெய்க’ என்ற அடுத்த பக்கம் வரத் தொடங்கியது. அதன் உச்சியிலும் இலைகள்.

“இதுக்கும் அந்தப் பெட்டி வருமா?” என்றாள் கெர்லிண்டே குரலைத் தாழ்த்தி.

“வரும். ஒன்பதாவது நிமிஷம்.”

ஒன்பது நிமிடம் பத்தாவது விநாடியில் ஓட்மார் ஒட்டுத்தாளுக்கு நேரே அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை போலிருந்தது. பிறகு திரை மெல்லச் சாம்பலானது. ஐந்து நிமிடம் கழித்துப் பெட்டி முழுதாக வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் ஏனோ பொத்தான்களை இடம் மாற்றி வைத்திருந்தார்கள். ஒட்டுத்தாளுக்கு அடியில் ‘இல்லை’ என்று இருந்தது. ‘நீங்கள் இல்லை என்று தெரிவித்ததற்கு நன்றி’ என்றது இணையதளம். இன்றைய மூன்று முயற்சிகளும் முடிந்துவிட்டன, நாளை வாருங்கள் என்றது.

மணி ஒன்பதேகால். நாளை டிசம்பர் ஒன்று.

கெர்லிண்டே அவரைக் காரில் ஏற்றித் தகவல் மேசைக்கு ஓட்டினாள். திருமதி சீபோல்ட் முழுவதும் கேட்டார். ஒட்டுத்தாள் பற்றிச் சொன்னபோது கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“ரொம்பக் கிட்டத்துல வந்துட்டீங்களே சார்” என்றார். “இவ்வளவு கிட்டத்துல யாரும் வந்ததில்ல.”

“ஏதாவது செய்ங்கம்மா.”

“எழுதிக் கொடுங்க. இன்னிக்கே ஸ்கேன் பண்றேன். நானே என் கையால பண்றேன்.”

எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னபடியே மூன்றாவது நாள் பதில் வந்தது. இணையதளத்தில் விண்ணப்பிக்கும்படி.

அதே நாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குச் சிறிய மண்வாரி இயந்திரம் வந்தது. ஓட்மாரும் கெர்லிண்டேயும் போனபோது கல்லைப் பெயர்த்து, வேறு ஏழெட்டுக் கற்களோடு சுவரில் சாய்த்திருந்தார்கள். முகம் சுவர்ப் பக்கமாக இருந்ததால் எது அவருடையது என்று உடனே தெரியவில்லை. மண் சமமாக இருந்தது. இயந்திரம் ஓட்டியவன் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினான்.

“உங்க வீட்டுக்காரம்மாவா?”

“ஆமா.”

“கல்லு வேணும்னா எடுத்துட்டுப் போலாம் பெரியவரே. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அனுமதிச் சீட்டு இருக்கணும்.”

எங்கே வாங்க வேண்டும் என்று ஓட்மார் கேட்கவில்லை. கெர்லிண்டே ஓட்டுநரையும் அவன் இயந்திரத்தையும் மேயரையும் சேர்த்துத் திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு புல் விதைப்பையைப் பிரித்தான்.

டிசம்பர் நான்காம் தேதி, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு திரு. ட்ரெக்ஸ்லர் வந்தார். செருப்பை மாற்றினார். நாற்காலியை விரித்தார். கறுப்புப் பெட்டியை மாட்டினார்.

“இந்தத் தடவை உங்களுக்காக முழுசா அளக்கப்போறேன் சார். சட்டத்துல இடம் இல்ல. இருந்தாலும் திரையில வர்ற வரைக்கும். எனக்கும் மனசு இருக்குல்ல. பக்கத்தோட முகவரியிலேயே உங்க கல்லறை எண்ணையும் சேர்த்துப் போடுங்க.”

ஓட்மார் எண்ணை அடித்து மவுஸை அழுத்தினார். நாற்காலியை இன்னும் அருகில் இழுக்கவில்லை. அதற்குள் பக்கம் வந்துவிட்டது. இலை இல்லை, மேயர் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. வெள்ளைத் திரையின் நடுவில் ஒரே வரி.

‘இந்த எண்ணில் எதுவும் இல்லை.’

ட்ரெக்ஸ்லர் ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். நம்ப முடியாமல் காதருகே வைத்து அது ஓடுகிறதா என்று கேட்டார்.

“ஒண்ணு புள்ளி ஒன்பது! சார், ஒண்ணு புள்ளி ஒன்பது விநாடி! இந்தக் கம்ப்யூட்டர்ல! மேம்பாடு வேலை செஞ்சிருக்கு. உங்க புகாருக்குக் கிடைச்ச வெற்றி இது.”

எழுந்து ஓட்மாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஓட்மார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை திறக்கலாமா?”

“தாராளமா.”

திறந்தார்கள். ஒன்று புள்ளி எட்டு.

“இன்னொரு தடவை.”

“ருசி கண்டுட்டீங்க சார் நீங்க” என்று சிரித்தார் ட்ரெக்ஸ்லர். முழங்கால்களைத் தட்டிக்கொண்டு ஸ்டாப் வாட்சை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

ஓட்மார் எண்ணை மறுபடி அடித்தார். ஒவ்வொரு இலக்கமாக, தப்பில்லாமல்.